திருப்பூர் மெஷ் துணியும் காரைக் களிமண்ணும்

சேலத்தில் நிலவியல் முதுகலை முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, மதுக்கரையிலிருந்து ஒரு கிலோ அளவுக்குச் சுண்ணாம்புக்கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, அதை இடித்து, ஊறவைத்து, கழுவிக் காயவைத்து, மூன்று இரவுகள் நுண்ணோக்கியின் கீழே கடல் உயிர்களைத் தேடினேன். சுண்ணாம்பு என்றால் சிப்பி, சிப்பி என்றால் கடல், கடல் என்றால் நுண்ணிய ஓடுகள் என்று நான் போட்டிருந்த கணக்கில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நீர்த்த அமிலத்தை ஒரு துளி விட்டதும் கல் பொங்கி நுரைத்ததால் அந்த நம்பிக்கை இன்னும் கூடிவிட்டது. நான்காம் நாள் காலையில் என் ஆசிரியர் அந்தக் கல்லில் ஒரு துண்டை மெல்லிய தகடாகத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். ஓடு எதுவும் தெரியவில்லை. கற்கண்டை நெருக்கி அடுக்கி வைத்தது போல, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கிடந்த கால்சைட் படிகங்கள் மட்டுமே தெரிந்தன. நாமக்கல் பக்கத்துக்காரரான அவர், "வறுத்த கடலக்காய வெதைச்சுப்போட்டு மொளைக்குதான்னு பாத்துட்டு இருக்கற, கண்ணு" என்றார்.

மதுக்கரைக் கல்லும் சங்ககிரிக் கல்லும் சிமென்ட் ஆலைக்குப் போகிற நல்ல சுண்ணாம்புக்கற்கள்தாம். ஆனால் அவை பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, மறுபடி படிகமானவை. அவற்றில் ஏதேனும் உயிரின் சுவடு இருந்திருந்தாலும் அந்த வேக்காட்டில் அழிந்திருக்கும். சேலம், நாமக்கல் வட்டாரத்துச் சார்னோக்கைட் பாறைகளோ சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தையவை. அவற்றின் வயதை அறிய ஓடுகளால் பயனில்லை. சிர்கான் என்ற கனிமத்துக்குள் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்துதான் சொல்ல வேண்டும். எங்கள் காடுகளில் உழும்போது வரும் சுக்கான்கல்லை இன்றும் சிலர் பவளப்பாறை என்று நினைத்து என்னிடம் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அது மண்ணுக்குள்ளேயே நீர் ஏறி இறங்கிச் சுண்ணாம்பு திரண்டு உண்டானது. கடலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பாறைக்குக் கடல் நுண்புதைபடிவங்களால் வயது காண விரும்புகிறவர் முதலில் அந்த வேலைக்கு ஏற்ற பாறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை நான் மூன்று இரவுத் தூக்கத்தைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

ஏற்ற பாறை எங்களுக்கு அதிகத் தொலைவில் இல்லை. ஈரோட்டிலிருந்து கரூர் வழியாகத் திருச்சி போய், அங்கிருந்து வடக்கே திரும்பினால், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் விட்டுச்சென்ற படிவுகள் தரைமட்டத்திலேயே கிடக்கின்றன. பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் 1860களின் தொடக்கத்தில் இந்தப் படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பிரித்து விவரித்தார். அவற்றின் சிப்பிகளையும் நத்தைகளையும் சுருள் ஓடுள்ள அம்மோனைட்டுகளையும் ஸ்டோலிச்கா என்ற புதைபடிவ ஆய்வாளர் விரிவாக ஆராய்ந்தார். காரை ஊரை ஒட்டிய பொட்டல் களிமண் மேடுகளில் நடந்தால், அழிந்துபோன கணவாய் வகையின் உள்ளோடுகளான, துப்பாக்கித் தோட்டா போன்ற பெலம்னைட்டுகள் காலில் தட்டுப்படும். பெரிய புதைபடிவங்களின் மேல் எனக்கும் ஆசை உண்டு. ஆயினும் வயது கணிக்கும் வேலைக்கு அவற்றைவிட மணலளவு ஓடுகளே கைகொடுக்கும் என்பதற்குக் காரணம் மிக எளிமையானது. ஒரு கைப்பிடி களிமண்ணில் ஒரு முழு அம்மோனைட் இருப்பதற்கு வாய்ப்பே இல்லை. அதே கைப்பிடியில் நூற்றுக்கணக்கான ஃபொராமினிஃபெராக்கள் இருக்கக்கூடும்.

ஃபொராமினிஃபெரா என்பது ஒற்றைச் செல் உயிர். அதன் ஓடு பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவானது. அறை அறையாக வளர்வது. 1826ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் தோர்பின்யி இந்தக் கூட்டத்துக்குப் பெயர் வைத்தபோது, இவற்றைக் கணவாய் வகையைச் சேர்ந்த மிகச் சிறிய பிராணிகள் என்றே எண்ணியிருந்தார். இவற்றில் ஒரு பகுதி கடலின் அடியில் வாழ்பவை. இன்னொரு பகுதி மேல்நீரில் மிதப்பவை. மிதப்பவை நீரோட்டத்தோடு உலகம் முழுவதும் பரவியதாலும், பல இனங்கள் சில லட்சம் முதல் சில பத்து லட்சம் ஆண்டுகளே நிலைத்து அழிந்ததாலும், அவை காலத்துக்குக் குறியாக ஆகின்றன. ரோட்டாலிபோரா குஷ்மானி என்ற இனத்தை எடுத்துக்கொள்வோம். அது கிரெட்டேசியஸின் ஒரு பிரிவான செனோமேனியன் காலத்தின் இடையில் தோன்றி, அந்தக் காலம் முடியும் தறுவாயில் அழிந்தது. அது கலப்பின்றிக் கிடைத்த அடுக்கு, காரையில் இருந்தாலும் இத்தாலியில் இருந்தாலும், அந்த இடைவெளிக்குள்தான் படிந்திருக்க வேண்டும். 'கலப்பின்றி' என்ற சொல்லைத்தான் நான் கற்க அதிக நாள் பிடித்தது.

என் முதுகலை ஆய்வுக்காகக் காரைக் களிமண்ணில் பன்னிரண்டு மாதிரிகளும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அரியலூரை அடுத்த கள்ளங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் நான்கு மாதிரிகளும் எடுத்துவந்தேன். காரைக் களிமண் சுமார் 9 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னும் அதை ஒட்டியும் படிந்தது. கள்ளங்குறிச்சிக் கல்லோ டைனோசர்கள் அழிவதற்குச் சற்று முந்தைய மாஸ்டிரிக்டியன் காலத்தது. அதாவது காரையைவிட இரண்டு கோடி ஆண்டுக்கும் மேல் இளையது. எடுக்கும்போது நான் செய்த முதல் தவறு, மேட்டின் உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கி வெட்டிக்கொண்டு வந்தது. அப்படிச் செய்தால் மேலே வெட்டிய தூள் கீழே இன்னும் எடுக்காத முகத்தின்மேல் சரிந்து ஒட்டிக்கொள்ளும். கீழிருந்து மேலே ஏறிக்கொண்டு எடுப்பதே முறை. வெயிலும் மழையும் பட்டு வெளுத்த மேல்தோலை ஓர் அடியாவது கொத்தித் தள்ளிவிட்டு, உள்ளே ஈரப்பசையோடு நிறம் மாறாமல் இருக்கும் களிமண்ணை எடுக்க வேண்டும். மாதிரிக்கு 300 கிராம் போதும். சீட்டை பென்சிலால் எழுதுவது நல்லது. பால்பாயின்ட் மை ஈரத்தில் ஊறி அழிந்துபோய், இரண்டு பைகள் எந்த மட்டத்தில் எடுத்தவை என்று தெரியாமல் நான் தூக்கியெறிய நேர்ந்திருக்கிறது. சுரங்கத்துக்குள் எடுப்பதானால் அவர்களுடைய அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். சாத்தனூர்க் கல்மரம் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரு துணுக்கைக்கூட எடுக்கக் கூடாது.

கழுவும் வேலையை எங்கள் ஊரில், சென்னிமலைக்குப் பக்கத்தில், வீட்டுக் கிணற்றடியிலேயே செய்தேன். காரைக் களிமண் சும்மா தண்ணீரில் கரைந்துவிடாது. அடுப்பு வெப்பத்தில் நன்கு உலர்த்தி, ஆறிய பிறகு மண்ணெண்ணெயில் சில மணி நேரம் ஊறவிட்டு, எண்ணெயை வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால், துளைகளுக்குள் புகுந்த எண்ணெயைத் தண்ணீர் தள்ளிக்கொண்டு நுழையும்போது களிமண் கண்ணெதிரே பொலபொலவென்று உதிரும். பக்கத்தில் அடுப்போ பீடியோ இருக்கக் கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் கிடைக்காதபோது சலவைச் சோடாவைப் போட்டு ஓரிரவு ஊறவைக்கிறேன்; மெதுவாக நடந்தாலும் ஓட்டுக்குக் கேடில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடை இந்தக் களிமண்ணுக்கு நான் பயன்படுத்துவதில்லை. அதில் இரும்புச் சல்பைடு இருந்தால், பெராக்சைடு பட்டு அமிலம் உண்டாகி, நாம் தேடுகிற சுண்ணாம்பு ஓட்டையே அது தின்றுவிடும். காரை மேடுகளில் பளபளக்கும் ஜிப்சத் தகடுகளே அங்கே அந்த வகை அமிலம் ஏற்கெனவே வேலை செய்திருக்கிறது என்பதற்குச் சாட்சி.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் போர்த்தண்ணீர் உப்பு மிகுந்தது. அதில் கடைசி அலசலை அலசி அப்படியே காயவைத்தபோது, ஓடுகளின் மேல் வெண்மையான உப்புப் பொருக்கு படிந்து, அறைகளின் தையல் கோடுகள் மறைந்துவிட்டன. எந்த இனம் என்று சொல்வதற்கு அந்தக் கோடுகளே ஆதாரம். அதற்கு மாற்றாகப் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் ஊறப்போட்டால், அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துச் சற்றே அமிலமாகியிருப்பதால், மெல்லிய ஓடுகள் நாளடைவில் அரிக்கப்படும். முதல் அலசல்கள் எந்த நீரிலும் இருக்கட்டும். கடைசி அலசலுக்கு உப்பில்லாத நீரில் ஒரு துளி அமோனியா சேர்த்து, விரைவாக அலசி, உடனே காயவைத்துவிட வேண்டும். கோயம்புத்தூரில் இருந்த ஓர் ஆண்டில் சிறுவாணித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து இதற்கென்றே வைத்திருந்தேன். குடிக்கிற தண்ணீரில் மண் கழுவுகிறான் என்று வீட்டுக்காரம்மாள் என்னை மன்னிக்கவே இல்லை.

இப்போது என்னை ஏமாற்றிய ஒரு நெருஞ்சி முள்ளின் கதைக்கு வருகிறேன். காரையின் ஏழாம் எண் மாதிரியைக் கழுவி, 63 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கண்ணுள்ள சல்லடையில் நின்ற மண்ணைக் காயவைத்து, கறுப்புத் தட்டில் பரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மே மாதம்; மின்விசிறி ஓடினால் ஓடுகள் பறந்துவிடும் என்பதால் அதை நிறுத்திவிட்டு, வியர்வை தட்டில் சொட்டாமல் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரோட்டாலிபோராக்களுக்கு நடுவே நான்கைந்து முட்களை நீட்டிக்கொண்டு, நெருஞ்சிக் காயைச் சுருக்கி வைத்தது போன்ற ஓர் ஓடு கிடந்தது. சிடரோலைட்டஸ் கால்சிட்ரபாய்டஸ். அதன் இரண்டாம் பெயருக்கே 'முட்காய் போன்றது' என்றுதான் பொருள்; ஒருமுறை பார்த்தவர் மறக்க முடியாத உருவம். அது மாஸ்டிரிக்டியன் காலத்து உயிர். காரைக் களிமண்ணில் அது இருக்கிறது என்றால், அந்த அடுக்கின் வயதைப் பற்றி இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் இரண்டு கோடி ஆண்டுகள் தவறியிருக்கிறார்கள் என்று பொருள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு நாளில் எட்டுப் பக்கம் எழுதிவிட்டேன். கடல் மட்ட மாற்றம், பிளவுகள், இடைவெளி என்று தெரிந்த சொற்களையெல்லாம் அதில் சேர்த்திருந்தேன். ஆசிரியர் முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, "ஏழாம் நம்பருக்கு முன்னால அந்தச் சல்லடையில என்ன கழுவுனே?" என்று கேட்டார். குறிப்பேட்டைப் புரட்டினேன். கள்ளங்குறிச்சி மூன்றாம் மாதிரியின் உதிர்ந்த பகுதி. கழுவிய பிறகு சல்லடையைத் தட்டினேன், குழாயில் பிடித்தேன் என்பதெல்லாம் உண்மை. ஆனால் முள்ளுள்ள ஓடு வலைக்கண்ணில் சிக்கினால் குழாய்த் தண்ணீருக்கு அசையாது. நெருஞ்சி செருப்பில் ஏறினால் உதறியா போகும்? ஆசிரியர் திட்டவில்லை. மிச்சம் வைத்திருந்த பாதி மாதிரியை எடுத்து, புதுச் சல்லடையில் கழுவச் சொன்னார். 150 கிராமையும் துழாவினேன். ரோட்டாலிபோரா நிறைய இருந்தது. நெருஞ்சி ஒன்றுகூட இல்லை. எட்டுப் பக்கமும் குப்பைக்குப் போயிற்று.

இதற்கு நெடுங்காலமாக ஓர் எளிய கைமுறை உண்டு. ஒவ்வொரு மாதிரிக்கும் பிறகு, கழுவிய சல்லடையை மெத்திலீன் நீலச் சாயத்தில் முக்கி எடுக்க வேண்டும். கண்ணில் எதுவும் சிக்கியிருந்தால் அது நீலமாகிவிடும். அடுத்த மாதிரியின் தட்டில் நீல ஓடு தென்பட்டால், அது முந்தைய மாதிரியின் விருந்தாளி என்று ஒதுக்கிவிடலாம். நான் அதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். படித்ததோடு விட்டுவிட்டேன்.

சாயம் நல்ல காவல்தான். ஆனால் கலப்பு நடந்த பிறகே அது காட்டிக்கொடுக்கும். கலப்பே நேராதபடி ஒவ்வொரு மாதிரிக்கும் புதுச் சல்லடை வைத்துக்கொள்வதற்கு மாணவன் கையில் பணம் ஏது? பித்தளைச் சட்டத்துச் சல்லடை ஒன்றின் விலை அப்போது என் இரண்டு மாத விடுதிச் செலவுக்குச் சமம். தீர்வு திருப்பூரில் கிடைத்தது. என் தாய்மாமன் அங்கே பனியனில் படம் அச்சடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தபோது, சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்த பாலியெஸ்டர் மெஷ் துணியை வெயிலில் தூக்கிப் பார்த்தேன். சென்டிமீட்டருக்கு எத்தனை இழை என்ற எண்ணைச் சொல்லித்தான் அந்தத் துணியை வாங்குவார்கள். நூறு இழைத் துணியில் ஓர் இழையின் நடுவிலிருந்து அடுத்த இழையின் நடுவுக்கு 100 மைக்ரான். இழையின் தடிமன் 40 மைக்ரான் என்றால் மிஞ்சுகிற கண் சுமார் 60 மைக்ரான். எனக்கு வேண்டியது 63. "மாமா, இதுல வெட்டுனது போக மிச்சத் துண்டு இருந்தாக் குடுப்பீங்களா?" என்றேன். "ஏன் மாப்ள, கல்லுல பிரிண்ட் போடப் போறியா?" என்று சிரித்துக்கொண்டே ஒரு பை நிறைய அள்ளிக் கொடுத்தார்.

நான்கு அங்குல பி.வி.சி. குழாயை இரண்டங்குல வளையங்களாக அறுத்து, துணித் துண்டை அதன் வாயில் இழுத்துப் போர்த்தி, சைக்கிள் டியூபை வெட்டிய ரப்பர் வளையத்தால் இறுக்கிவிட்டால் சல்லடை ஆயிற்று. ஒரு மாதிரிக்கு ஒரு துணி. வேலை முடிந்ததும் துணியைக் குப்பையில் போட்டுவிட்டு வளையத்தைத் தேய்த்துக் கழுவலாம். மூன்று எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். பட்டறையில் ஏற்கெனவே மருந்து பூசி, ஓவியம் எடுத்த துணியில் கண்கள் அடைபட்டிருக்கும். பூசாத கரைத்துண்டையே கேட்டு வாங்க வேண்டும். துணியை ஒரு பக்கமாக மட்டும் இழுத்துக் கட்டினால் கண் நீள்சதுரமாகி, மெல்லிய நீண்ட ஓடுகள் நழுவிவிடும். நான்கு பக்கமும் சமமாக இழுக்க வேண்டும். துணியோடு சேர்த்து வெந்நீரிலோ அடுப்பிலோ வைக்கக் கூடாது; கழுவிய மண்ணைத் தாளுக்கு மாற்றி, 50 டிகிரிக்கு மேல் போகாமல் காயவைக்க வேண்டும். எங்கள் ஊர் சித்திரை வெயிலில், மொட்டைமாடியில் மூடிய கண்ணாடிப் பெட்டியே அதற்குப் போதும்.

கோக்கோலித்துகளைப் பார்க்கும்போது இந்தக் கவலை இன்னும் கூடும். அவை மிதக்கும் பாசி உயிர்களின் தகடுகள். பெரும்பாலும் 2 முதல் 20 மைக்ரான் வரை மட்டுமே. பல்குச்சி முனையளவு களிமண்ணைக் கண்ணாடியில் ஈரத்தோடு பூசி, உலர்த்தி, ஆயிரம் மடங்கு பெரிதாக்கி, குறுக்கு முனைவாக்க ஒளியில் பார்க்க வேண்டும். சலிக்கவே வேண்டியதில்லை என்பதால் பத்து நிமிடத்தில் ஒரு மாதிரி தயாராகிவிடும். பல்குச்சியை மட்டும் ஒருபோதும் இரண்டாவது மாதிரிக்குத் தொடக் கூடாது. வெளிநாட்டுப் புத்தகங்களைப் படித்துவிட்டு வகுப்பறைச் சாக்பீஸில் கோக்கோலித் தேடிய மாணவர்கள் இரண்டு பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். நம் பள்ளிகளின் சாக்பீஸ் பொதுவாக ஜிப்சத்தால் ஆனது. கோக்கோலித்துகளால் ஆன இங்கிலாந்து வெண்பாறையிலிருந்து வெட்டியது அன்று.

படிப்பு முடிந்த பிறகு, காவிரிப் படுகையில் எண்ணெய் தேடும் துரப்பணக் கிணறு ஒன்றில் சில மாதங்கள் வேலை பார்த்தேன். அங்கே பாறை முகத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. துளையிடும் முனை பாறையை நொறுக்க, சேற்றுக்குழம்பு அந்தத் துணுக்குகளை மேலே கொண்டுவரும். ஐந்து மீட்டருக்கு ஒரு பை எடுத்துக் கழுவிப் பார்க்க வேண்டும். நுண்புதைபடிவ ஆய்வு வளர்ந்ததே இந்தத் தேவையால்தான். துரப்பண முனை பெரிய சிப்பிகளை நொறுக்கிவிடும். அரை மில்லிமீட்டர் ஓடு அதன் பற்களுக்கிடையே முழுசாகத் தப்பிவிடும். 1920களில் டெக்சாஸ் எண்ணெய் நிறுவனங்களில் வேலை பார்த்த எஸ்தர் ஆப்ளின், ஆல்வா எல்லிசர், ஹெட்விக் நைக்கர் என்ற மூன்று பெண்கள், கிணற்றுத் துணுக்குகளில் கிடைத்த ஃபொராமினிஃபெராக்களைக் கொண்டே டெக்சாஸ், லூசியானா கடற்கரைச் சமவெளியின் அடியிலுள்ள அடுக்குகளை ஒன்றோடொன்று பொருத்திக் காட்டி, 1925இல் வெளியிட்டார்கள்.

அந்தக் கிணற்றில் என் முதல் வாரத்திலேயே திணறிப்போனேன். ஆழம் போகப் போகப் பழைய இனங்கள் வர வேண்டும், வந்தன. ஆனால் மேலே முடிந்துபோக வேண்டிய இளைய இனங்களும் நூறு மீட்டர், இருநூறு மீட்டர் கீழேயும் விடாமல் கூடவே வந்துகொண்டிருந்தன. அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் தோட்டத்தில் போர் போட்ட நாள். திருச்செங்கோட்டு வண்டி நின்று காற்றடித்துத் தூளைக் கிளப்ப, என் அப்பாரு பத்தடிக்கு ஒரு குவியலாகத் தூளை வரிசையில் வைத்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்கல் வந்துவிட்டது என்று எல்லோரும் சொன்ன பிறகும் ஒரு குவியலில் செம்மண் கலந்து வந்தது. வண்டிக்காரர், "மேல்மண்ணு சரியுதுங்க ஐயா, கேசிங் இன்னும் ரெண்டு பைப்பு எறக்கோணும்" என்றார். எண்ணெய்க் கிணற்றிலும் நடப்பது அதுவே. குழாய் இறக்காத சுவரிலிருந்து மேலடுக்கின் துணுக்குகள் உதிர்ந்து, கீழடுக்கின் துணுக்கோடு கலந்து மேலே வருகின்றன. ஆகவே ஓர் இனம் எந்த ஆழம்வரை தொடர்கிறது என்பதை நம்ப முடியாது. கீழே போகும்போது அது எந்த ஆழத்தில் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது என்பதை மட்டுமே நம்பலாம். அந்த ஆழமே அந்த இனம் அழிந்த காலத்தின் மட்டம். ஓர் இனத்தின் பிறப்பைத் தரைமேல் தெரியும் பாறை முகத்திலும், இறப்பைக் கிணற்றுத் துணுக்கிலும் தேட வேண்டும் என்ற வேறுபாட்டை, அப்பாருவின் செம்மண் குவியலைக் காட்டித்தான் இன்றும் மாணவர்களுக்கு விளக்குகிறேன்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றும் உண்டு. கரூரில் அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசுகள் கிடைத்திருப்பது பலரும் அறிந்தது. ஒரு வெள்ளம் ஒதுக்கிய மணல் திட்டில் ரோமானியக் காசு ஒன்றும் 1995ஆம் ஆண்டு முத்திரையிட்ட இரண்டு ரூபாய்க் காசு ஒன்றும் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். ஈராயிரம் ஆண்டுக்கு முன் அந்தத் திட்டு ஒதுங்கியது என்று யாரும் சொல்லமாட்டார்கள். 1995க்குப் பிறகே ஒதுங்கியது என்பார்கள். பழைய பாறை அரிக்கப்பட்டு, அதிலிருந்த ஓடுகள் புதிய கடலடியில் மறுபடி படிவதும் இப்படியே. அப்படி வந்தவை பெரும்பாலும் உடன் கிடப்பவற்றைவிடத் தேய்ந்திருக்கும், நிறம் மாறியிருக்கும், அறைகளுக்குள் வேறு வகை மண்ணோ கனிமமோ அடைத்திருக்கும். கலப்படமில்லாத மாதிரி என்று உறுதியானால் அடுக்கின் வயதை அதிலுள்ள மிக இளைய இனத்தை வைத்துச் சொல்ல வேண்டும். துரப்பணத் துணுக்கானால் அதே இளைய இனம்தான் மேலிருந்து உதிர்ந்த பொய்யனாக இருக்கும். ஒரே விதியை இரண்டு இடத்திலும் வைத்துக் கணக்குப் போட்டவர்கள் தவறியதை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். ஓர் ஓட்டை நம்பி வயது எழுதக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதும் இதனால்தான். முந்நூறு ஓடுகளை எண்ணி, எந்தெந்த இனங்கள் சேர்ந்து வாழ்ந்திருக்க முடியும் என்று அவற்றின் கால எல்லைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, எல்லாம் ஒத்துவருகிற இடைவெளியையே எழுதுகிறேன். தேடும் இனம் கிடைக்கவில்லை என்பதும் வயதுக்குச் சான்றாகாது. ஆழமற்ற கரைக்கடலில் படிந்த கள்ளங்குறிச்சிக் கல்லில், மிதக்கும் இனங்களைவிட அடிவாழும் பெரிய ஃபொராமினிஃபெராக்களைக் கொண்டே காலம் கணிக்க வேண்டியிருக்கிறது.

செனோமேனியன் முடிவுக்கு நான் எழுதும் '9 கோடியே 39 லட்சம் ஆண்டு' என்ற எண் ஓட்டில் எழுதியிருக்கிறதா என்று ஊரில் கேட்பார்கள். எழுதியில்லை. ஓடு சொல்வது முன்னது எது, பின்னது எது என்ற வரிசையை மட்டும். செனோமேனியன் முடிந்து துரோனியன் தொடங்கும் எல்லைக்கு உலக அளவில் ஒப்புக்கொண்ட அடையாளப் பாறை முகம் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பியூப்லோ என்ற ஊரருகே இருக்கிறது. அந்தப் பகுதியில் கடற்படிவுகளுக்கு இடையே எரிமலைச் சாம்பல் அடுக்குகள் உள்ளன. சாம்பலிலுள்ள கனிமங்களின் கதிரியக்கச் சிதைவை அளந்து அவற்றுக்கு ஆண்டு கணிக்கிறார்கள். அந்தச் சாம்பலுக்கு மேலும் கீழும் கிடைக்கிற அதே மிதவை இனங்கள் காரையிலும் கிடைத்தால், அங்கே அளந்த ஆண்டை இங்கே கடன் வாங்கிக்கொள்கிறோம். அறிக்கையில் ஆண்டு எழுதும்போது, எந்தக் கால அட்டவணையிலிருந்து எடுத்தோம் என்பதையும் எழுதிவிட வேண்டும். அட்டவணை திருத்தப்படும்போது எண் சற்றே நகரும், இனங்களின் வரிசை நகராது.

இப்போது ஈரோட்டில் ஓர் அறையில் மாணவர்களின் மாதிரிகளைக் கழுவவும் பார்க்கவும் கற்றுக்கொடுக்கிறேன். அந்த நெருஞ்சி ஓடு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் சீட்டில் 'கிடைத்த இடம்' என்ற வரிக்கு நேராகச் 'சல்லடை' என்று எழுதியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, மாதிரியில் பாதியைக் கழுவாமல் எடுத்துவைத்தீர்களா என்பது. அன்று அந்தப் பாதி இல்லாமல் போயிருந்தால், என் எட்டுப் பக்கம் ஒருவேளை அச்சேறியிருக்கும். என் சொந்த மிச்சங்களை அம்மாவின் பழைய முறுக்கு டின்களில் போட்டு அட்டாலியில் வைத்திருந்தேன். ஒரு மார்கழிக் கடைசியில், காப்புக் கட்டும் நாளுக்கு வீட்டை ஒழிக்கும்போது, மூன்று டின் காரைக் களிமண் வாசலில் கொட்டப்பட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அதன்மேல் சாணி தெளித்து, கோலமும் போட்டு, நிலையில் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சொருகியாயிற்று. இப்போது ஒவ்வொரு டின் மூடியிலும், அம்மா கண்ணாடி போடாமலே படிக்கும்படி பெரிய எழுத்தில், 'கழுவாத மண், கொட்ட வேண்டாம்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.